வீடும் நாமும்: கூரைக்கு என்ன போடலாம்?

"எங்களுடையது நாட்டு ஓடு போட்ட பழைய வீடு. கஜா புயலில் பாதி ஓடு பறந்துபோய், அன்றிலிருந்து ஒட்டுப் போட்டே காலம் தள்ளுகிறோம். காங்க்ரீட் தளம் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். ஓட்டு வீட்டுக் குளுமை வருமா என்கிறார் மாமியார். சமையற்கட்டுக்கு மட்டுமாவது ஆஸ்பெஸ்டாஸ் போட்டால் செலவு குறையும் என்கிறார் மேஸ்திரி. யார் பேச்சைக் கேட்பது?" என்று நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

மூன்று பேர் சொன்னதையும் எழுதியவர், தம் விருப்பம் என்னவென்று ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தக் கூரைக்கு அடியில் பகல் முழுக்க அடுப்போடு மல்லாடப் போவது யார்? கணவரா, மேஸ்திரியா? ஆகவே அம்மா, உங்கள் பேச்சும் இதில் எடுபட வேண்டும்.

முதலில் மேஸ்திரியின் யோசனை. வேண்டவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் நார் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் பல வருஷங்கள் கழித்துப் புற்றுநோய் உண்டாக்கும். எந்த வகை ஆஸ்பெஸ்டாஸும் விலக்கல்ல என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏற்கெனவே போட்டிருப்பவர்கள் பயந்து நடுங்க வேண்டாம். உடையாத ஷீட்டை அப்படியே விட்டு வையுங்கள். அதில் துளை போடுவது, அறுப்பது, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பது கூடாது. எடுக்க நேர்ந்தால் விவரம் தெரிந்த ஆளை வைத்து, நன்றாக நனைத்து, உடைக்காமல் இறக்கச் சொல்லுங்கள். போதாக்குறைக்கு, உச்சி வெயிலில் அதன் கீழே நின்று சமைப்பது சும்மாவா?

'அப்போ கீற்று வேய்ந்துவிடலாமா?' என்று கேட்காதீர்கள். குளுமைக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லைதான். ஆனால் அடுப்பும் கீற்றும் அருகருகே இருக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி, 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோமே, மறக்க முடியுமா?

அடுத்து காங்க்ரீட். இதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள். பழைய நாட்டு ஓட்டு வீடுகளில் செங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டியிருப்பது வழக்கம். ஓட்டைத் தாங்கிய சுவர் காங்க்ரீட் பாரத்தைத் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மேஸ்திரியின் வாய்ச்சொல் போதாது. ஒரு எஞ்சினீயரைக் கூப்பிட்டு அஸ்திவாரத்தையும் சுவரையும் காட்டுங்கள். அவர் முடியாது என்றால் அது தளச் செலவல்ல, புது வீட்டுச் செலவு!

முடியும் என்றால் காங்க்ரீட்டில் நன்மைகள் உண்டு. காற்றுக்குப் பறக்காது, பின்னால் மாடி எடுக்கலாம், வடாம் காயப் போடலாம். கெடுதல், பகலில் வாங்கிய வெயிலை ராத்திரி நம் தலைமேல் இறக்கும். அதற்குத்தான் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, தட்டோடு பதிப்பது. தண்ணீர் ஓட 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் வேண்டும். வருஷா வருஷம் கோடைக்கு முன் மொட்டைமாடிக்கு வெள்ளையடித்தால் சூடு நன்றாகவே குறையும். தளம் போட்டதும் பாத்தி கட்டி 10 நாளுக்குக் குறையாமல், முடிந்தால் 2 வாரம், தண்ணீர் நிற்க வையுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இனி மாமியார் பக்கம். நாட்டு ஓட்டுக்குப் பதில் மங்களூர் ஓடு போடலாம். பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்த ஓடு என்பதால் அந்தப் பெயர். ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டிக்கொள்வதால் நாட்டு ஓட்டைப் போல் சரியாது. வாங்கும்போது தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நன்றாக வெந்த ஓடு. 'டப்'பென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுவரிலிருந்து முகட்டுக்கு நேர்மட்டத்தில் 10 அடி என்றால், முகடு 5, 6 அடியாவது உயர வேண்டும். சரிவு குறைந்தால் ஒழுகும்.

புயல் பக்கத்து ஊராயிற்றே! காற்று கூரையைக் கீழேயிருந்துதான் தூக்கும். அதனால் இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீள வேண்டாம். கைமரங்களை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைக்கச் சொல்லுங்கள். ஓரத்து ஓடுகளைக் கம்பியால் கட்டி, முகட்டு ஓடுகளைச் சாந்து வைத்துப் பதிக்க வேண்டும். இரண்டு பக்கச் சரிவைவிட நாலு பக்கச் சரிவு காற்றை நன்றாகத் தாங்கும். சமையற்கட்டில் இரண்டு கண்ணாடி ஓடும், புகை போக வழியும் இருக்கட்டும்.

என் தீர்ப்பு? அஸ்திவாரத்திலிருந்து கட்டப் பணம் இருந்தால், கணவர் சொல்வது போல் காங்க்ரீட்; ஆனால் தட்டோடும் வெள்ளையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பணம் மட்டு என்றால், மாமியார் சொல்வது போல் ஓடு. உளுத்த மரத்தை மாற்றிவிட்டு, மழைக்கு முன்பே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் மழைநீர்க் குழாயைத் தெருவில் விடாமல் சேகரிப்புத் தொட்டிக்கு இழுத்துவிடுங்கள்.

இதைப் படித்ததும் வீட்டாரை உட்காரவைத்துப் பேசுங்கள். பேச்சை நீங்களே ஆரம்பியுங்கள், என்ன?