பட்டத்தோடு படிப்பு முடிந்துவிடுமா?

பாடுபடுகிற குடும்பங்கள் பலவற்றில் இன்று பட்டதாரிகள் இருக்கிறார்கள். இது வானத்திலிருந்து விழுந்த படிப்பல்ல. தாய் பீடி சுற்றியும், தகப்பன் இரவு ஷிப்டு பார்த்தும் வாங்கிக் கொடுத்த படிப்பு. ஆனால் பி.ஏ.யோடு அது நின்றுவிடுகிறது. மேலே படிக்கப் பணமில்லை. வேலையை விட வழியில்லை. “ஆலைக்குப் போகிறவனுக்கு ஆராய்ச்சி எதற்கு?” என்று ஊரும் கேட்கிறது.

இந்தக் கேள்விக்குப் பதில் நம் நெல்லைச் சீமையிலேயே இருக்கிறது.

1917-ல் நாங்குநேரியில் பிறந்தவர் தோழர் நா. வானமாமலை. கல்லூரியில் அவர் படித்தது இரசாயனம். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தி வாழ்ந்தார். 1967-ல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். அன்று நெல்லையில் பல்கலைக்கழகமே கிடையாது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது 1990-ல்தான். குழு மாதந்தோறும் கூடியது. ஒருவர் கட்டுரை வாசிப்பார். மற்றவர்கள் ஆதாரம் கேட்பார்கள், குறை சொல்வார்கள். கட்டுரைகள் 1969-ல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ என்ற காலாண்டு ஏட்டில் அச்சேறின.

எதை ஆராய்ந்தார்கள்? நாற்று நடுகிறவளும் ஏற்றம் இறைக்கிறவனும் பாடிய பாட்டை ஆராய்ந்தார்கள். எஸ்.எஸ். போத்தையா போன்ற பள்ளி ஆசிரியர்கள் கிராமங்களில் கேட்டு எழுதித் தந்த பாடல்களைச் சேர்த்து, குழு தொடங்குமுன்பே, 1964-ல், ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ நூலை வானமாமலை வெளியிட்டிருந்தார். செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, அவர்கள் வீட்டு மாடு காக்கப் போய் மாண்ட முத்துப்பட்டன் கதை, நம் கொடைகளில் வில்லுப்பாட்டாக ஒலிப்பது. அதை வானமாமலை பதிப்பிக்க, 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகமே வெளியிட்டது. ஊரில் நடந்த படிப்பைப் பல்கலைக்கழகம் தேடி வந்தது!

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? தானே படிப்பது என்றால் தனியே படிப்பது என்று அர்த்தமல்ல. தனியே படிக்கிறவன் மூன்றாம் மாதம் புத்தகத்தை மூடிவிடுவான். குழு இருந்தால், அடுத்த கூட்டத்துக்குக் கட்டுரை தரவேண்டுமே என்ற கட்டாயம் அவனைப் பிடித்து இழுக்கும்.

முதலில் கேள்வியைச் சிறிதாக வையுங்கள். ‘தமிழர் வரலாறு’ என்று தொடங்கினால் ஆயுள் போதாது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. உங்கள் ஊர்க் கால்வாயில் நீர்ப்பங்கீடு எப்படி நடந்தது, தூர் வாரியவன் யார், அவனுக்குக் கூலி என்ன என்று கேளுங்கள். விக்கிரமசிங்கபுரம் ஆலையில் முதல் தலைமுறை எந்தெந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். இதற்குப் பதில் தெரிந்த கிழவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கண் மூடுமுன் எழுதி வைக்க வேண்டும்.

அடுத்தது நேரம். நாளைக்கு ஒரு மணி என்றால் வருஷத்தில் முந்நூறு மணிக்குக் குறையாது. ஷிப்டு மாறுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துத் திட்டம் போட வேண்டாம். தூங்கி எழுந்த பின் முதல் ஒரு மணி என்று வைத்துக்கொள்ளலாம். கழனி வேலை செய்கிறவர்கள் காரும் பிசானமும் பார்த்துத் திட்டமிட வேண்டும். நடவும் அறுப்பும் நடக்கும் வாரங்களில் புத்தகத்தைத் தொட முடியாது. அதை முதலிலேயே கணக்கில் கழித்துவிட்டு, பிசான அறுப்பு முடிந்த கோடையை எழுதுவதற்கு ஒதுக்குங்கள். படித்ததை அன்றன்றே நோட்டில், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், யார் சொன்னது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆதாரமில்லாத கட்டுரை கையெழுத்தில்லாத மனு மாதிரி.

எம்.ஏ. பட்டம் வேண்டுவோர் அஞ்சல் வழியில் சேரலாம். ஆனால் அங்கே பாடத்தைக் கட்டாக அனுப்புவார்கள். விவாதம் கட்டில் வராது. அதைக் குழுதான் தரவேண்டும்.

இப்படிச் சொல்வதால் சர்க்கார் கையைக் கழுவிக்கொள்ள இடம் தரக்கூடாது. மூன்று ஷிப்டு ஓடுகிற ஊரில் இரவிலும் நூலகம் திறந்திருக்கட்டும். தேர்வு எழுதும் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்கட்டும். ஏழை மாணவனின் உதவித்தொகை மாதந்தவறாமல் வரட்டும். இவையெல்லாம் போனஸைப் போலவே நம் கோரிக்கைகள்.

நம் கதையை நாம் எழுதாவிட்டால், ஆலைக்காரனும் மிராசுதாரும் எழுதியதே சரித்திரமாக நிற்கும். சங்க அலுவலகத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை ஐந்து பேர் உட்கார இடம் கிடைக்காதா? தோழர்களே, இந்த மாதமே கூடுங்கள். முதல் கட்டுரை யார் வாசிப்பது என்று முடிவு செய்துவிட்டுக் கலையுங்கள்!