சத்தம் உண்டு, பாட்டு எங்கே?

திற்பரப்பு அருவிக்குப் போகும் வழியில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு ஒன்றுக்குச் சென்ற மாதம் அழைத்திருந்தார்கள். நல்ல ஸ்டீரியோ ஜோடி, நல்ல ஆம்ப்ளிபயர், புதிதாக வாங்கிய 12 அங்குல சப்வூஃபர். "சாரே, சத்தம் எல்லாம் உண்டு. பாட்டு ஒண்ணும் மனசிலாவல்ல" என்றார் வீட்டுக்காரர். இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டோம். பேஸ் கிட்டார் ஸ்வரம் ஸ்வரமாக நடக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு ஸ்வரம் முழங்கியது. மற்றவை அமுங்கிவிட்டன.

சப்வூஃபரில் ஒரு பழுதும் இல்லை. டேப் போட்டு அளந்தோம். அறையின் நீளம் 5 மீட்டர். பெட்டி மூலையில், நாற்காலி நீளவாக்கில் நட்ட நடுவில். 5 மீட்டர் நீளத்தில், சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் ஒலியின் முதல் நிலையலை ஏறக்குறைய 34 ஹெர்ட்ஸில் எழும். அறையின் நடுவில் அதன் அழுத்தம் பூஜ்யத்துக்குப் பக்கம். இரண்டாவது அலை 68 ஹெர்ட்ஸ். அதற்கு நடுதான் உச்சம். மூலையில் வைத்த பெட்டி இரண்டையும் முழு வேகத்தில் கிளப்பிவிடுகிறது. ஆழம் காணாமல் போய், 68-ஐ ஒட்டியது மட்டும் காதை அடைத்ததற்குக் காரணம் இதுதான். ஒரு கட்டைச் சுருதியில் தம்புராவின் மந்தர ஷட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். கர்நாடக இசை கேட்பவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன பாடுபடுவார்!

நாற்காலியைப் பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு நகர்த்தினோம். சப்வூஃபரைத் தற்காலிகமாக நாற்காலியின் புது இடத்தில் வைத்துப் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்தபடி சுற்றி வந்தோம். ஸ்வரங்கள் சமமாகக் கேட்ட இடம் ஜன்னலுக்குக் கீழே இருந்தது. பெட்டி அங்கே போனது. கிராஸ்ஓவரை 120-லிருந்து 70-க்கு இறக்கி, ஃபேஸ் திருகியைச் சரிபார்த்து, வால்யூமைப் பாதியாகக் குறைத்தோம். சப்வூஃபர் ஓடுவதே தெரியவில்லை. ஆஃப் செய்தபோதுதான் பாட்டின் அடி கழன்றது தெரிந்தது. மொத்தம் மூன்று மணி நேரம் ஆயிற்று. ஒரு பைசாவுக்கும் பொருள் வாங்கவில்லை.

நம் மாவட்டத்தில் இந்தச் சிக்கல் வளர்ந்துகொண்டே போகும். ஓட்டுக் கூரையும் மரத்தட்டும் உள்ள பழைய வீடுகளில் தாழ்ந்த ஒலி கொஞ்சம் வெளியே கசியும், கொஞ்சம் மரத்தில் அடங்கும். கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் அதைத் திருப்பித் திருப்பி அறைக்குள்ளேயே எறிகின்றன. வாட்ஸைக் கூட்டினால் முழக்கம்தான் கூடும்.

பெட்டி தேர்வதிலும் கவனம் வேண்டும். வில்லுப்பாட்டுக் குடத்தை அறியாதவர் இங்கே யாரும் இல்லை. கழுத்துக்குள் இருக்கும் காற்று எடையாகவும், வயிற்றுக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங்காகவும் வேலை செய்வதால்தான் அந்தக் 'கும்' எழுகிறது. துளை வைத்த சப்வூஃபர் பெட்டிக்கும் அதே கணக்கு. குடத்துக்கு அதன் ஸ்வரம் அழகு. பெட்டி தன் ஸ்வரத்தைப் பாடத் தொடங்கினால் மிருதங்கத்தின் தொப்பி வழவழத்துப் போகும். இசைக்கென்று கேட்பவருக்கு மூடிய பெட்டியைத்தான் நான் சொல்வேன். சினிமாவுக்குத் துளைப்பெட்டி இருக்கட்டும்.

வாடிக்கையாளரிடம் பணம் கூடுதலாக இருந்தால் 15 அங்குலத்துக்குப் போகாமல், சிறியதாக இரண்டு வாங்கச் சொல்லுங்கள். ஹர்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் இதை ஆராய்ந்தார். செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் சுவருக்கு ஒன்றாக இரண்டு வைத்தாலே இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் வெகுவாகக் குறைகிறது. நான்குக்கு மேல் வைப்பதில் பெரிய பலன் இல்லை. கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து கேட்கும் வீடுகளுக்கு இதுவே வழி.

பெட்டியை இறக்கி, ஒயரைச் சொருகி, அரை மணியில் கிளம்பும் பழக்கத்தை நாம் விட வேண்டும். செட்டிங் கூலியை ரசீதில் தனி வரியாக எழுதுங்கள். கேட்டால் காரணம் சொல்லுங்கள், கொடுப்பார்கள். அடுத்த வேலைக்குப் போகும்போது டூல் பையில் ஒரு அளவு டேப்பும், பேஸ் கிட்டார் தெளிவாக நடக்கும் ஒரு பாட்டும் இருக்கட்டும்.