பீடத்தை உயர்த்திய ஊர்



காலடி மண் அசையாது என்ற நம்பிக்கையில்தான் நாம் வீடும் கோவிலும் எழுப்புகிறோம். அந்நம்பிக்கைக்கு இடமில்லாத நாட்டில் மக்கள் எங்ஙனம் வாழ்கின்றனர்? இதனை அறிய, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட பிலிப்பைன்ஸ் நாட்டை இம்மாதம் நோக்குவோம்.

புவியின் மேலோடு பல பெருந்தட்டுகளாகப் பிளவுண்டு மெல்ல நகர்கின்றது. பிலிப்பைன்சின் இருபுறமும் கடலடித் தட்டுகள் தீவுகளின் கீழே அமிழ்கின்றன. அவை கொண்டுசெல்லும் நீரால் ஆழத்துப் பாறை உருகிக் குழம்பாகி மேலெழுகிறது. அதனோடு எழும் வெந்நீர், பாறை வெடிப்புகளில் பொன்னையும் செம்பையும் படியவிடுகிறது. லூசோன் தீவின் பெங்கெத் மலைகளில் பொன் கிடைப்பது இவ்வாறே. சுரிகாவோ பகுதியிலோ, ஆழத்திலிருந்து உயர்த்தப்பட்ட பாறைகளை வெப்பமும் மழையும் நெடுங்காலம் சிதைத்தமையால் நிக்கல் மிகுந்த செம்மண் உண்டாயிற்று. ஆனால் பொன்னைத் தந்த அதே விசைதான் நிலநடுக்கத்தையும் எரிமலையையும் தருகிறது.

லூசோனில் உள்ள பினாத்துபோ மலை ஏறத்தாழ 500 ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. 1991 ஏப்ரல் தொடக்கத்தில் அதன் சரிவில் நீராவி வெடித்தெழுந்தது. அங்கு வாழ்ந்த ஏத்தா பழங்குடியினரும், அவர்களிடையே பணிபுரிந்த அருட்சகோதரி ஒருவரும் இதனை எரிமலை ஆய்வு நிறுவனத்தாருக்கு அறிவித்தனர். எளியோர் சொல் என்று அவர்கள் தள்ளிவிடவில்லை. உடனே கருவிகளை நிறுவினர். அமெரிக்க நிலவியலாரும் துணை வந்தனர். எரிமலையின் கொடுமையை விளக்கும் படமொன்றை மக்களுக்கும் அதிகாரிகளுக்கும் காட்டினர். அப்படத்தை உருவாக்கிய பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் கிராஃப்ட், தம் மனைவி கட்யாவுடன் அவ்வாண்டு ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையில் உயிர்நீத்தார். அவர் விட்டுச்சென்ற படமோ பிறரைக் காத்தது.

ஜூன் 15 அன்று பினாத்துபோ வெடித்தது. சாம்பல் வானில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் உயரம் எழுந்தது. அன்றே யூனியா என்னும் புயலும் வீசியதால், நனைந்து கனத்த சாம்பல் கூரைகளை முறித்தது; அதனடியில் பலர் மாண்டனர். ஆயினும் பல்லாயிரவர் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தமையால், ஐயாயிரத்துக்குக் குறையாத உயிர்கள் பிழைத்தன என்பது அறிஞர் மதிப்பீடு.

துன்பம் அத்துடன் முடியவில்லை. சரிவுகளில் குவிந்த சாம்பலை ஆண்டுதோறும் மழை கரைத்தது. குழைத்த சாந்து போன்ற அச்சேற்று வெள்ளம் ஆற்றுவழியே ஊர்களுள் புகுந்தது. 1995-இல் பாம்பாங்கா மாநிலத்தின் பக்கோலோர் ஊர் புதையுண்டது. அங்குள்ள புனித கில்லெர்மோ ஆலயம் பாதி உயரம்வரை சேற்றில் மூழ்கியது.

பங்கு மக்கள் ஆலயத்தைக் கைவிடவில்லை. புதைந்த பீடத்தைத் தோண்டியெடுத்துப் புதிய தரைமட்டத்துக்கு உயர்த்தினர். முன்பு சன்னல்களாய் இருந்தவை இன்று வாயில்களாகப் பயன்படுகின்றன.

மலை வெடிப்பதை மனிதர் தடுத்தல் இயலாது. அதன் முன்குறிகளைக் கண்டறிதல் இயலும். கண்டவர் சொல்லுக்குச் செவிசாய்த்தலும் இயலும். பினாத்துபோவில் முதற்குரல் மலைச்சரிவின் குடிசைகளிலிருந்தே எழுந்தது. நம் ஊரிலும் ஏரிக்கரை கசிகிறதென்றோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்குகிறதென்றோ எளியவர் ஒருவர் வந்து சொன்னால், அவருக்கு நாம் என்ன மறுமொழி தருவோம்?