வரைபடத்தில் இருப்பது பூச்சியா, பார்த்தவரின் தடமா?

துவரை காய்பிடிக்கும் பருவத்தில் வயலில் கள ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர், இலையின் மேல் ஆங்கில எழுத்தான ‘டி’யின் வடிவில் அசையாமல் அமர்ந்திருக்கும் மெலிந்த சாம்பல்நிறப் பூச்சியைக் கைபேசியில் படமெடுக்கிறார். படத்தைக் குழுவில் இட்ட சில நிமிடங்களில் ‘எக்ஸெலாஸ்டிஸ் அட்டமோசா’ என்று விடை வருகிறது. அப்பெயர் ஆய்வேட்டின் அட்டவணையில் ஏறுகிறது. பக்கத்திலேயே மாவட்டத்தின் பெயரும் ஏறுகிறது. அன்றிலிருந்து அச்சிற்றினத்தின் பரவலில் ஒரு புள்ளி கூடிவிடுகிறது. விடை சரியாகவே இருக்கலாம். ஆனால் அது சரி என்று காட்டும் சான்று எங்கும் இல்லை. பின்னர் வருபவர் எவரும் அதைச் சரிபார்க்கவும் இயலாது.

இறகு அந்துப்பூச்சிகள் டெரோஃபோரிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலானவற்றில் முன்னிறக்கை இரண்டாகவும் பின்னிறக்கை மூன்றாகவும் பிளவுபட்டிருக்கும். பிளவுகளின் ஓரங்களில் நீண்ட செதில்கள் இறகின் இழைகளைப்போல் அமைந்திருக்கும். அமரும்போது இறக்கைகளைச் சுருட்டிக் குச்சிபோல் நீட்டிக்கொள்வதால், குடும்பத்தை அறிவது எளிது. சிற்றினத்தை அறிவதுதான் கடினம்.

1758இல் லின்னேயஸ் இக்கூட்டத்துக்கு மோனோடாக்டிலா, டைடாக்டிலா, பென்டாடாக்டிலா எனப் பெயரிட்டார். ஒரு விரல், இரு விரல், ஐவிரல் என்பது அவற்றின் பொருள். ஆனால் ‘ஒரு விரல்’ எனப் பெயர் பெற்ற பூச்சியின் இறக்கையும் பிளவுபட்டதே. இதில் முரண் ஏதும் இல்லை. அறிவியற்பெயர் ஒரு பூச்சியை வருணிப்பதன்று. எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் ஊசியில் குத்தி வைக்கப்பட்டிருக்கும் மூலமாதிரியைச் சுட்டுவது. ஆகவே ‘இது அட்டமோசா’ என்று ஒருவர் சொல்லும்போது, ‘இந்தப் பூச்சியும் அந்த மூலமாதிரியும் ஒரே சிற்றினம்’ என்னும் கருதுகோளையே முன்வைக்கிறார். கருதுகோளுக்குச் சான்று வேண்டும்.

அச்சான்று பெரும்பாலும் இறக்கையின் நிறத்தில் கிடைப்பதில்லை. செதில்கள் உதிரும், நிறம் மங்கும், எக்ஸெலாஸ்டிஸ் பேரினத்தின் பிற சிற்றினங்களும் தெற்காசியாவில் வாழ்கின்றன. வயிற்றுப்பகுதியைப் பிரித்தெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மென்மையாக்கி, பிறப்புறுப்பின் அமைப்பை நுண்ணோக்கியில் காண வேண்டும். மரபணுப் பட்டைக்குறியீடு இதற்குத் துணை நிற்கும். ஆனால் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் மரபணுவின் 658 இணைகளும் ஒப்பிடுவதற்குச் சரியாகப் பெயரிடப்பட்ட மாதிரி இருந்தால்தான் பேசும். தரவுத்தளத்தில் உள்ள பெயரே பிழையெனில், இயந்திரம் அப்பிழையை நூறு விழுக்காடு பொருத்தத்துடன் திருப்பித் தரும்.

பெயர்ப் பிழை எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு அவரையிலும் சுரையிலும் காணப்படும் ஸ்ஃபெனார்கெஸ் பேரினம் நல்ல எடுத்துக்காட்டு. இந்திய வேளாண் நூல்கள் பலவற்றில் அது ‘காஃபர்’ என்னும் பெயரில் வருகிறது. அது ஆப்பிரிக்கப் பூச்சிக்கு இடப்பட்ட பெயர். 1864இல் வாக்கர் ‘அனிசோடாக்டிலஸ்’ என்பதை விவரித்தார். நெடுங்காலம் இரண்டும் ஒன்றெனக் கருதப்பட்டன. இன்றைய பட்டியல்கள் அவற்றைத் தனித்தனிச் சிற்றினங்களாகக் கொள்கின்றன. அப்படியெனில் பழைய பதிவுகளில் உள்ள ‘காஃபர்’ எது? மாதிரி பாதுகாக்கப்பட்டிருந்தால் பெட்டியைத் திறந்து பார்த்து விடை சொல்லலாம். பெயர் மட்டும் எஞ்சியிருந்தால் அப்பதிவு எந்தச் சிற்றினத்துக்கும் உரியதன்று.

பரவலுக்கு வருவோம். கிரியர்சனின் இந்திய மொழியியல் கணக்கெடுப்பு சென்னை மாகாணத்திலும் ஹைதராபாத், மைசூர் சமஸ்தானங்களிலும் நடைபெறவில்லை. அதன் தொகுதிகளில் தெற்கின் கிளைமொழிகள் மெலிந்து காணப்படுவதற்குக் காரணம் அவை இல்லாமையன்று. கேட்பதற்கு ஆள் செல்லாமை. இதை மொழியியல் மாணவர் எவரும் முதலாண்டிலேயே கற்றுக்கொள்கிறார். பூச்சிகளின் வரைபடத்தைப் பார்க்கும்போது மட்டும் இப்பாடம் மறந்துபோகிறது.

பெயின்பிரிக் ஃபிளெட்சர் 1909இல் இலங்கையின் இறகு அந்துப்பூச்சிகளைப் பற்றி எழுதினார். பின்னர் கோயம்புத்தூரிலும் பீகாரின் பூசாவிலும் பணியாற்றினார். புழுக்களை அவற்றின் உணவுச்செடியிலேயே வளர்த்து, வாழ்க்கைச் சுழற்சியுடன் பதிவுசெய்தவர் அவர். அந்த ஊர்களிலிருந்து வந்த பதிவுகள் செறிவாக இருப்பது பூச்சிகளின் விருப்பத்தைக் காட்டுவதன்று. ஒரு மனிதரின் பணியிட மாற்றத்தைக் காட்டுவது. இன்றும் ஒளிப்பொறி வைக்க மின்வசதியும் விடுதி அறையும் உள்ள வளாகங்களைச் சுற்றியே புள்ளிகள் குவிகின்றன. வெற்றிடத்தை ‘இல்லை’ என்று படிப்பது பிழை. ‘பார்க்கப்படவில்லை’ என்று படிப்பதே முறை.

இவை வெறும் பெயர்ச்சண்டை அல்ல. ஒரு பூச்சிக்குத் தவறான பெயரிட்டால், வேறொரு பூச்சியின் உணவுச்செடியும் பருவமும் இயற்கை எதிரிகளும் அதன்மேல் ஏற்றப்படுகின்றன. உன்னிச்செடியின் பூக்களை உண்ணும் லாண்டனோஃபாகா புசில்லிடாக்டிலா அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. அச்செடியைக் கட்டுப்படுத்த 1902இல் ஹவாய்க்குக் கொண்டுசெல்லப்பட்டது. இன்று இந்தியாவிலும் காணப்படுகிறது. இத்தகைய பூச்சி எங்கு, எப்போது, எச்செடியில் இருந்தது என்பதைச் சரியாக அறியாமல் உயிரியல் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுவது வீண். துவரை விளையும் நாட்டில் காயைத் துளைப்பது எது என்று அறியாமல் மருந்து தெளிப்பதும் அத்தகையதே.

மாணவரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. ‘எக்ஸெலாஸ்டிஸ், சிற்றினம் உறுதியாகவில்லை’ என்று எழுதும் ஆய்வேட்டைத் தேர்வாளர் குறையுடையதாகக் காண்கிறார். முழுப்பெயருள்ள அட்டவணையைப் பாராட்டுகிறார். அந்நிலையில் ஊகம் பெயராவது இயல்பே. வகைப்பாட்டு அறிஞர்கள் சிலரே உள்ளனர், மாதிரி எடுக்கக் காடுகளில் முன்அனுமதி வேண்டும், எல்லாவற்றையும் கொல்ல வேண்டுமா என்னும் மறுப்புகளும் நேர்மையானவை. எல்லாவற்றையும் கொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஓரிரு மாதிரிகள் போதும். வயல்வெளியிலும் வளாகத்திலும் அதற்குத் தடை அரிது. எஞ்சியவற்றைப் படத்தோடு நிறுத்தி, பேரின அளவிலேயே பதிவுசெய்யலாம்.

செய்ய வேண்டியவை எளியவை. சிற்றினப் பெயர் எழுதினால் மாதிரியின் எண்ணும் அது வைக்கப்பட்டுள்ள நிறுவனமும் உடன் வர வேண்டும். இடம், நாள், உணவுச்செடி, அடையாளம் கண்ட முறை ஆகிய நான்கும் குறிக்கப்பட வேண்டும். தேடியும் கிடைக்காத இடங்களும் அட்டவணையில் இடம்பெற வேண்டும். தேர்வாளர்கள் ‘உறுதியாகவில்லை’ என்னும் சொல்லுக்கு மதிப்பெண் குறைக்காதிருக்க வேண்டும்.

பேரினத்தோடு நின்ற பதிவை நாளை ஒருவர் நிறைவுசெய்ய முடியும். சான்றின்றி முழுமையாக்கப்பட்ட பதிவை எவராலும் திருத்த முடியாது.