பத்தே பத்து வாரம் ஓடியதற்கு ஏன் இவ்வளவு மரியாதை?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் என் பாடத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் என் பழைய மாணவன். ஒரு தொலைக்காட்சியில் தொடர் தயாரிப்புப் பிரிவில் இருக்கிறான். "சார், எங்க சீரியல் ஆயிரம் எபிசோட் தாண்டிடுச்சு" என்றான். சந்தோஷம் என்றேன். பிறகு வாய் சும்மா இருக்காமல், "நான் பார்த்ததிலேயே நல்ல தொடர் பத்தே எபிசோட்தான் வந்ததுப்பா. ஃப்ளாப் ஷோன்னு பேரு" என்று சொல்லிவிட்டேன்.

அவன் சிரித்தான். "பத்தா? பேரே ஃப்ளாப் ஷோவா? அப்ப ஃப்ளாப்தானே சார்! ஜனங்களுக்குப் புடிச்சிருந்தா நிறுத்தியிருப்பாங்களா?" பந்தியே சிரித்தது. இலையில் பாயசம் விழுந்துகொண்டிருந்த நேரம். வாக்குவாதம் வேண்டாம் என்று நானும் சிரித்து வைத்தேன். அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: ஃப்ளாப் ஷோ 1989-ல் தூர்தர்ஷனில் வந்த இந்தி நகைச்சுவைத் தொடர். எழுதி, இயக்கி, நடித்தவர் ஜஸ்பால் பட்டி. சண்டிகரில் மின்பொறியியல் படித்தவர். தயாரித்தவர் அவர் மனைவி சவிதா பட்டி, அவரும் கூடவே நடித்தார். விவேக் ஷௌக் என்று இன்னொரு நல்ல நடிகர். வாரம் ஒரு கதை, பத்து வாரம், அவ்வளவுதான். ஒரு வாரம் கான்ட்ராக்டர், ஒரு வாரம் டெலிபோன், ஒரு வாரம் எதையுமே முடிவு செய்யாத அலுவலகக் கூட்டம். அந்த வாரம் யாரைக் கிண்டல் செய்கிறாரோ அவர்களுக்கே அந்தக் கதையை மரியாதையாகச் சமர்ப்பணம் செய்துவிட்டுத் தொடங்குவார். முடிவில் சினிமாப் பாட்டு மெட்டில் ஒரு கேலிப் பாட்டு.

"மாமா, இந்தித் திணிப்பை எதிர்க்கிற நீங்களா இந்தித் தொடரைப் புகழ்கிறீர்கள்?" என்று கேட்கக் காத்திருக்கும் மருமகப் பிள்ளைகளுக்கு: திணிப்பை அன்றும் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். திணிப்பது வேறு, நானே தேடிப் போய்ப் பார்ப்பது வேறு. எனக்கு இந்தி தெரியாது. அப்போது நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் வேலை. பக்கத்து வீட்டில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஓர் அண்ணன் இருந்தார். தெருவில் டிவி இருந்ததே அவர் வீட்டில்தான். அவர் சிரிப்பார், பிறகு அர்த்தம் சொல்லுவார், பிறகு நாங்கள் சிரிப்போம். இரண்டு நிமிடம் தாமதமாகச் சிரித்தாலும் சிரிப்பு சிரிப்புதானே.

இப்போது என் மாணவனின் வாதத்துக்கு வருகிறேன்.

முதலாவது, நாள் கணக்கு. ஒரு தொடர் எத்தனை நாள் ஓடியது என்பது அது எத்தனை நாள் ஓடியது என்பதை மட்டுமே காட்டும். இங்கிலாந்தில் பிபிசியில் வந்த பாவ்ல்டி டவர்ஸ் என்ற நகைச்சுவைத் தொடர் 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு, ஆக மொத்தம் 12 எபிசோட்தான். 2000-ல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அந்த நாட்டின் சிறந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தியபோது அதற்குத்தான் முதலிடம். திருக்குறளுக்கு இரண்டு அடி போதுமாயிருந்தது. கட்டுரையில் பக்கத்தை நிரப்பினால் மதிப்பெண் கிடைக்கும் என்று நினைத்தவர்கள் என் வகுப்பில் என்ன வாங்கினீர்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்கும்.

இரண்டாவது, "ஜனங்க கேக்கறதத்தான் குடுக்கறோம்." தம்பி, பிள்ளைகள் கேட்டது குச்சி ஐஸ். நாம் சத்துணவில் போட்டது முட்டை. முட்டை வேண்டாம் என்று எந்தப் பிள்ளையும் சொல்லவில்லை, ஆளுக்கு ஒன்று போதாது என்றுதான் சண்டை போட்டார்கள். ஜனங்கள் கேட்பது அவர்கள் கண்ணில் காட்டியதிலிருந்துதான். நல்லதையும் காட்டிவிட்டு, பிறகு எது வேண்டும் என்று கேளுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? இன்றைய நம் தொலைக்காட்சி நகைச்சுவையில் பாதிக்கு மேல் குண்டாக இருப்பவர், கறுப்பாக இருப்பவர், பல் எடுப்பாக இருப்பவர், பெண் வேடம் போட்ட ஆண், அடி வாங்கும் கணவன். எல்லாரும் நம்மைவிடக் கீழே என்று நாம் நினைத்துக்கொள்கிறவர்கள். பட்டி கேலி செய்தது கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர்களை. கான்ட்ராக்டரையும் அதிகாரியையும் பேராசிரியரையும். அதை ஒளிபரப்பியது அரசாங்கத் தொலைக்காட்சி என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அன்று இருந்தது அரசு டிவி மட்டும்தான், அதில் அரசு அலுவலகத்தைக் கேலி செய்ய முடிந்தது. இன்று நூறு தனியார் அலைவரிசைகள். எதில் அந்தத் துணிச்சல் இருக்கிறது?

அதைவிடப் பெரிய விஷயம், அவர் பார்ப்பவனையும் விடமாட்டார். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் பிஎச்.டி. பற்றிய கதை. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வரும் மாணவனைப் பேராசிரியர் தன் வீட்டு வேலைக்காரனாக்கிவிடுவார். ஆராய்ச்சி ஒரு பக்கம் கிடக்க, மாணவன் வழிகாட்டியின் குடும்பத்துக்கு எடுபிடி வேலை செய்துகொண்டிருப்பான். பட்டாளத்து அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று அவர் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நான் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனை ரேஷன் கடையில் என் கார்டோடு நிறுத்தியிருந்தேன். மண்ணெண்ணெய் ஊற்றும் நாள். கூட்டம். அவன் திரும்பி வரும்போது கணக்குப் பாடம் முடிந்துவிட்டது. பின்னம் நடத்திய நாள் அது. "சாருக்கு வாங்கி வந்தேன்" என்று அவனுக்குப் பெருமை. எனக்கும் அப்போது தப்பாகத் தெரியவில்லை. எல்லா வாத்தியாரும் செய்வதுதானே. என் வாத்தியாருக்கு நான் மாட்டுக்குப் புல் அறுத்துக் கொடுத்தவன்.

ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் ஒரு தனிப் பாடம். நல்ல மதிப்பெண் வாங்கித்தான் தேறினேன். அது சொல்லித் தராததை முன்பின் தெரியாத ஒரு சண்டிகர் சர்தார்ஜி, எனக்குத் தெரியாத மொழியில், அரை மணி நேரத்தில் சொல்லித் தந்தார். அடுத்த மாதம் மண்ணெண்ணெய்க்கு நானே வரிசையில் நின்றேன். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை எந்தப் பிள்ளையையும் என் சொந்த வேலைக்கு அனுப்பவில்லை.

அந்தப் பையன் இந்தப் பதிவைப் படிப்பான். இப்போது அவனுக்கே கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருக்கிறது. தம்பி, அன்று உனக்குப் பின்னம் போனது என்னால். வருடங்கள் கழித்து நீ கணக்கில் தோற்று வந்து அழுதபோது, "கவனிக்கவில்லை" என்று உன்னையே திட்டினேன். மன்னித்துக்கொள்.

ஆயிரம் எபிசோட் பார்த்துவிட்டு எழுந்து போய் வாழ்க்கையில் ஒரு காரியத்தை மாற்றிக்கொண்ட ஒருவரைக் காட்டு என்று என் தொலைக்காட்சி மாணவனைக் கேட்கிறேன். கெட்ட மருமகள் நல்ல மாமியாருக்குப் பாலில் ஏதோ கலக்கிறாள். பார்ப்பவர்கள் எல்லாரும் "நான் அப்படி இல்லை" என்ற திருப்தியோடு தூங்கப் போகிறார்கள். பட்டி தூங்க விடமாட்டார்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நெடுந்தொடரால் எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் சாப்பிடுகின்றன. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்ட வீட்டில் மாலை ஏழு மணிக்கு ஒரு மனிதக் குரல் கேட்பது சின்ன விஷயமில்லை. உங்கள் அத்தையே இரண்டு தொடர் பார்க்கிறாள், காப்பி கேட்டால் விளம்பரம் வரட்டும் என்கிறாள். தொடர் எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. நீளத்தைக் காட்டி, பத்து வாரத்தில் முடிந்ததை "ஃப்ளாப்" என்று சிரிக்காதே என்றுதான் சொல்கிறேன்.

ஜஸ்பால் பட்டி 2012 அக்டோபர் 25-ல் சாலை விபத்தில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம பூஷண் அறிவித்தார்கள். விவேக் ஷௌக் அதற்கு முன்பே, 2011-ல், போய்விட்டார். போன வருடம் டெல்லியில் வளர்ந்த என் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொல்ல, யூடியூபில் பத்தையும் இரண்டு மாலைகளில் மறுபடி பார்த்து முடித்தேன். தொடர் பத்து வாரத்தில் முடிந்துவிட்டது. அது கேலி செய்த கான்ட்ராக்டரும் கூட்டமும் வழிகாட்டியும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள்தான் ஆயிரம் எபிசோட் தாண்டியவர்கள்.

உங்களில் எத்தனையோ பேர் இன்று அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் நாற்காலியில் இருக்கிறீர்கள். சிலர் கல்லூரியில் வழிகாட்டிகள். நேரம் கிடைத்தால் ஒரு எபிசோட் பாருங்கள். எந்த இடத்தில் சிரிப்பு நிற்கிறது என்று கவனியுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகக் கீழே எழுதலாம். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதவும்.

அன்புடன்,
உங்கள் பழைய ஐந்தாம் வகுப்பு வாத்தியார்