கெத்தும் இலையும் மார்ஃபினும்

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் கெத்தும் (கிராட்டம்) மர இலையிலுள்ள மித்ராஜைனின் என்ற வேதிப்பொருள் 'ஏ' வகைப் போதைப்பொருள். இந்தப் பக்கம் மலேசியாவில் அது 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது. ஆனாலும் அதை மார்ஃபினோடு சேர்த்து வலிக்குக் கொடுப்பது வீண் கற்பனையல்ல. புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தபோது, மார்ஃபினுக்கு உடல் பழகிப்போவது தடுக்கப்பட்டதாக 2013இல் எழுதினார்கள். அதை நம்பி வீட்டில் இலையைக் காய்ச்சுவது ஆபத்து. சில இருமல் மருந்துகளில் உள்ள கோடீனை மார்ஃபினாக மாற்றும் கல்லீரல் நொதியையே மித்ராஜைனின் முடக்குகிறது; மற்ற ஓபியாய்டுகளோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம்.

பாட்டன் காலத்து மருந்துதானே என்பார்கள். பாட்டன் இருமல் மருந்தைக் கலந்து குடிக்கவில்லையே! அதற்காக ஆய்வையும் சேர்த்துத் தடை செய்வது சரியல்ல. அளவு தெரிந்த சாற்றை மருத்துவமனைக் கண்காணிப்பில் மனிதர்களிடம் சோதிக்கட்டும். அதுவரை, கெத்தும் குடிக்கும் நோயாளி அதை மருத்துவரிடம் பயமின்றிச் சொல்ல வழி வேண்டும்.