கடைப் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம்

தீபாவளி நெருங்கினால் வெள்ளவத்தை காலி வீதியின் புடைவைக் கடைகளில் இரவு நெடுநேரம் வரை விளக்கு அணையாது. சேலையை விரித்துக் காட்டுவதும் மடிப்பதும் திரும்ப விரிப்பதுமாக நிற்கும் பிள்ளைகளில் பலர் மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் இதே கதைதான். மாதச் சம்பளம் கையில் கிடைக்கிறது. நியமனக் கடிதம் கிடைப்பது எல்லோருக்கும் அல்ல.

நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம், வேலைக்குச் சேரும் நாளிலேயே பதவி, சம்பளம், வேலை நேரம் ஆகியவற்றை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45; அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. குறைந்தபட்ச மாதச் சம்பளமும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய்.

ஆனால் கடிதம் இல்லாதவருக்கு இவையெல்லாம் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. நிறுத்தப்பட்ட பிள்ளை தொழில் நியாய சபைக்குப் போனால், "இவர் எங்களிடம் வேலை செய்யவில்லை, பண்டிகைக்கு உதவிக்கு வந்து நின்றவர்" என்று முதலாளி தரப்பு சொல்லிவிடலாம். வேலை செய்ததை நிரூபிக்கும் பாரம் அந்தப் பிள்ளையின் தலையில் விழும். கூட வேலை செய்தவர்களில் யார் சாட்சி சொல்ல வருவார்கள்? அவர்களுக்கும் நாளைக்கு அதே கடையில்தானே சோறு!

கடிதம் இல்லாதவர் இழக்கக்கூடிய ஊழியர் சேமலாப நிதிக் கணக்கையும் பார்ப்போம். 30,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி 12 வீதமாக 3,600, ஊழியர் 8 வீதமாக 2,400, ஆக மாதம் 6,000 ரூபாய் கட்டப்பட வேண்டும். ஐந்து வருடத்தில் வட்டியில்லாமலே 3,60,000. பதுளையிலோ ஹட்டனிலோ ஒரு குடும்பத்துக்கு இது சின்னக் காசல்ல.

"வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறோம், கடிதம் எதற்கு?" என்பது நம் முதலாளிமாரின் வழக்கமான பதில். தங்க அறையும் சாப்பாடும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் கடைகள் பட்ட அடியும் உண்மை. ஆனாலும் கடைக்கு முற்பணமும் வாடகையும் கொடுக்கும்போது உடன்படிக்கை எழுதாமல் விடுகிறோமா? வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் வாய்ச்சொல்?

அரசின் பங்கும் குறைவில்லை. ஒழுக்காற்றுக் காரணமின்றி ஆட்களை நிறுத்துவதானால் ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும் என்ற 1971ஆம் ஆண்டுச் சட்டம், பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களைத் தொடாது. காலி வீதியில் பத்துப் பன்னிரண்டு பேருடன் நடக்கும் கடைகள் அதன் கைக்கு வெளியே நிற்கின்றன. இந்த எல்லையைக் குறைக்க வேண்டும். 2023இல் தொழிற்சட்டங்களை ஒன்றாக்க முயன்றபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. உள்ள பாதுகாப்பும் போய்விடும் என்ற அவர்களின் அச்சத்தில் நியாயம் இருந்தது. எந்தத் திருத்தமும் பாதுகாப்பைக் கூட்டுவதாக இருக்க வேண்டுமே தவிர, முதலீட்டின் பெயரால் குறைப்பதாக இருக்கக்கூடாது.

கடிதத்தைப் போலவே இருக்கையும் ஓர் உரிமைதான். சென்னை தி.நகரில் வந்த சேலை அடுத்த மாதமே வெள்ளவத்தைக்கு வந்துவிடுகிறது. அதே தமிழ்நாடு 2021இல் கடை ஊழியர் அனைவருக்கும் இருக்கை கொடுப்பதைச் சட்டமாக்கியது. அதை மட்டும் இறக்குமதி செய்ய நம் வர்த்தகர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.

தொழில் திணைக்களம் தமிழ் பேசும் அதிகாரிகளைப் பண்டிகைக் காலத்து மாலைகளில் இக்கடைகளுக்கு அனுப்ப வேண்டும். வர்த்தகர் சங்கங்கள் தம் அங்கத்தவர்களிடம் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்க வேண்டும். பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பும் பெற்றோர் முதல் நாளே கடிதத்தையும் சேமலாப நிதி இலக்கத்தையும் கேட்டு வாங்க வேண்டும். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: தொழில் நியாய சபையில் முறையிட ஆறு மாதம்தான் அவகாசம்.